ஒன்பது கடைகள்

மீன் ஏலக்கூடத்திலிருந்து தேவாலயம் வரை
ஏற்றத்தில் மொத்தம் ஒன்பது கடைகள்.
அவற்றின் கண்ணாடிகளை
ஸபேலாவைப்போல் மனப்பாடமாய் அறிந்தவர்
முரோஸ் ஊரில் எவருமில்லை.
பொத்தான் கடை, செருப்புக் கடை,
ஓடாத மூன்று கடிகாரங்களை
வருடம் முழுக்க வெளியே வைத்திருக்கும் கடை.
எதையும் வாங்கமாட்டாள்.
நிற்பாள், பார்ப்பாள், மறுபடி ஏறுவாள்.
சீமாட்டி என்று பெயர் வைத்தோம்.

ஓதம் வடிந்த கழிமுகத்தில்
முழங்காலளவு நீரில் சிப்பி வாரும் எழுபது பெண்கள்.
இருபது இழுப்புக்குள் அவள் கை கல்லாகிவிடும்.
வாரியின் காம்பிலிருந்து
விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுப்பாள்.
நடிக்கிறாள் என்று முதலில் சொன்னது நான்.
அது இங்கே இருக்கட்டும்.

ஜனவரியில் ஒருநாள்
கரைதட்டிய படகை இழுக்க ஆள் போதவில்லை.
எங்கள் வாய்க்கு அஞ்சி
அவளும் நிறுத்தாமல் இழுத்தாள்.
சாயங்காலம் கழிப்பறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.
சிறுநீர், கடுங்காப்பி நிறத்தில்.
தசை உடைந்து ஒழுகுகிறது என்று
இரண்டு பேருக்குமே தெரியாது.

சாந்தியாகோ மருத்துவமனை.
டாக்டர் பிரெய்ஷோ ஒரு கைப்பிடியைக் கொடுத்து
அழுத்துங்கள் என்றார்.
ரத்தம் எடுத்தார். சற்றுப் பொறுத்து எடுத்தார். மீண்டும்.
பாடுபட்ட தசை லாக்டேட்டைக் கசியவிடும்,
கோடு மேலே ஏறும்.
இவள் கோடு
அலை போன மணலாய்ப் படுத்துக் கிடந்தது.

கையிலிருந்து அரிசியளவு சதை.
நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கவிட்டார்கள்:
இழைகளின் விளிம்பெல்லாம்
ஊதாச் சிவப்பில் புடைத்த மூட்டைகள்.
எல்லாம் சர்க்கரை.

"வயலோரம் கல்தூணில் நிற்குமே,
எலி ஏறாமல் தட்டைக்கல் வைத்த சோளக் களஞ்சியம்,
தசைக்குள்ளும் அப்படி ஒன்று.
தின்ற ரொட்டி குளுக்கோஸாகும்.
குளுக்கோஸ் குளுக்கோஸோடு கைகோத்து,
கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு
கிளைக்கோஜன் என்னும் மரமாய் ஒடுங்கும்.
அவசரம் வந்தால்
நுனியிலிருந்து ஒவ்வொன்றாய்க் கொய்துதர ஒரு நொதி.
மூச்சுக்காற்று வந்துசேரும் முன்னமே
அதைப் பிளந்து தசை தன் கூலியை எடுத்துக்கொள்ளும்.
இவருக்கு மரம் இருக்கிறது.
கொய்யும் கைதான் பிறக்கவேயில்லை."

ஸபேலா கேட்டாள்:
"அப்படியென்றால் இத்தனை நாளும்
நிறைந்தா இருந்தேன்?"
டாக்டர் மேசையில் ஏதோ காகிதம் தேடினார்.

நாற்பத்தொரு வயது.
தன் கல்யாண நடனத்தில்
பாதியில் நாற்காலி தேடியவள்.
சோம்பேறி என்ற ஒரு சொல்லைச் சொல்ல
ஊரில்தான் எத்தனை வாய்.
படகன்று என் வாயும் அதில் உண்டு.

இப்போது அவளோடு நானும் ஏறுகிறேன்.
கிளம்புமுன் சீனி கரைத்த தண்ணீர் ஒரு தம்ளர் குடிக்கிறாள்.
நேரம் பார்ப்பது என் வேலை.
மூன்றாம் நிமிடம் பொத்தான் கடை, நிற்கிறோம்.
ஐந்தாம் நிமிடம் செருப்பு.
ஏழாம் நிமிடம் அவள் முகம் சுண்டிப்போய்
கெண்டைக்கால் முடிச்சாகும்.
நில், நில் என்கிறேன்.

கல்லீரலின் களஞ்சியம் வேறு, அதன் சாவி வேறு.
அது கெட்டுப்போகவில்லை.
அங்கிருந்து இனிப்பு ரத்தத்தில் இறங்கி
நடந்தே வரவேண்டும்.
கொழுப்பும் வரும், அதைவிட மெதுவாக.
நாங்கள் ஒரு ஜோடிக் காலணியைப் பற்றி
வேண்டாத வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறோம்.

பத்தாவது நிமிடத்தில் அவள் தோள் தளர்கிறது.
கால் முடிச்சு அவிழ்கிறது.
அப்புறம் அவள் நடையை
யாராலும் பிடிக்கமுடியாது.

கடிகாரக் கடை வாசலில் மூச்சிரைத்து நிற்கிறேன்.
மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன.
மேலே, தேவாலயப் படியிலிருந்து
ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல்:
"என்ன சீமாட்டி,
இன்றைக்காவது வாங்கிவிடுவாயா?"